நாற்பத்திரண்டு மீற்றர்

அதன் பெயருக்குச் சோம்பல் என்று அர்த்தமாம்.
பாஹிம் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான்.
நாற்பத்திரண்டு மீற்றர் சோம்பலை
மட்டக்குளியில், களனி கங்கைக் கரையில்
பட்டிகளால் தூக்கி
இரும்புக் கால்களில் நிறுத்தியிருந்தோம்.

அடிவயிறெல்லாம் கொட்டலசு.
எந்தெந்தக் கடலிலோ
டிக்கட் இல்லாமல் ஏறிக்கொண்டவை.
சுரண்டச் சுரண்ட
காக்கைத்தீவுக் காகங்கள் வந்து ருசி பார்த்தன.
ஒன்று முகம் சுளித்தது, சத்தியமாக.

என் வேலை மேல்தளம்.
தேக்குக்கு மணல்தாள், பிறகு எண்ணெய்,
பிறகு மறுபடி மணல்தாள்,
வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு உறுத்தக்கூடாதாம்.
ஒரு சதுர அடியின் விலை
என் ஒன்றரை மாதச் சம்பளம் என்று
பில் எழுதும் சியாமளி சொன்னபோது
நான் அந்தச் சதுர அடியில்தான் நின்றிருந்தேன்.
கொஞ்சம் தள்ளி நின்றேன்.
அதுவும் அதே விலை.

பின்புறத்தில் அதன் ஊர் எழுதியிருக்கும்:
ஜோர்ஜ் டவுன்.
அந்த ஊரை அது ஒருநாளும் கண்டதில்லை என்றார் கெப்டன்.
எனக்கும் அடையாள அட்டையில் ஒரு முகவரி உண்டு.
அங்கே இப்போது மேம்பாலத்தின் தூண் குடியிருக்கிறது.

வெசாக்குக்கு மறுநாள்
அவிசாவளைப் பக்கம் பெய்ததெல்லாம்
எங்களைத் தேடி வந்தது.
கூடுகளின் விளக்கை இன்னும் அணைக்கவில்லை.
ஒழுங்கைக்குள் ஆகாயத்தாமரை, ஒரு கதிரை,
யாருடையதோ நாய்க்கூடு, நாயில்லாமல்.
யார்ட் மண் கொட்டி உயர்த்திய நிலம்.
ஒழுங்கைக்கு யாரும் மண் கொட்டவில்லை.

மெனேஜரின் அழைப்பு:
எல்லோரும் வாங்கோ, கப்பலைக் கட்ட வேணும்.
இருபத்தாறு பேர் வந்தோம்.
கயிறு, சங்கிலி, இன்னும் கயிறு.
எங்கள் வீடுகள் கட்டாமல் கிடந்தன.

இரவு பதினொன்றரைக்கு
வாயிற்காவலர் லயனல் ஏணியை இறக்கினார்.
யாரையும் கூப்பிடவில்லை. யாரையும் தடுக்கவுமில்லை.
டோர்ச் வெளிச்சத்தைப் படிகளில் பிடித்துக்கொண்டு
முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

முதலில் பிலோமினாவின் தையல் மெசின்.
பிறகு பள்ளிப் பைகள், அரிசி,
நாலு பேர் சுமந்து ஒரு பிரிட்ஜ்,
ஒன்பது மாத வயிறோடு சுரங்கி,
கூட்டோடு இரண்டு லவ்பேர்ட்ஸ்.
செருப்பைக் கழற்றுங்கோ என்று கத்தியவன் நான்தான்.
எல்லோரும் வெறுங்காலோடுதான் நின்றார்கள்.
செருப்புகளை ஆறு முன்னமே கழற்றியிருந்தது.

இரண்டு இரவுகள்.
கெப்டன் கோட்டையில் ஹோட்டலில்.
பின்தளத்தில் கேஸ் அடுப்பு, பருப்பு, கருவாட்டு மணம்.
சூடான சட்டியைத் தேக்கில் வைத்தது யாரென்று
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் இரும்புக் கால்களின் முழங்கால்வரை வந்து
யோசித்துக்கொண்டு நின்றது.
கப்பல் அசையவே இல்லை.
சின்னதுகள் மட்டும் மிதக்கிறோம் என்று நம்பின.
எங்கே போறம் என்று கேட்டான் ஹம்தான்,
பாதித் தூக்கத்தில்.
ஜோர்ஜ் டவுன் என்றேன்.
அங்கே மழையா என்றான்.

வடிந்தது. இறங்கினோம்.
தளத்தை மூன்று தரம் கழுவினோம்,
பிறகு கருவாட்டுக்காக நாலாம் தரம்.
சட்டி வைத்த வட்டம் மட்டும் போகவில்லை.
ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன்.
மரம் மெலிந்தது, வட்டம் மெலியவில்லை.
பாஹிம் வரைபடத்தில் சோபாவை
இரண்டு அங்குலம் வலப்பக்கம் தள்ளினான்.

காப்புறுதிக்காரர் ஒருநாள் வந்து
ஏதோ மானியை வைத்து வைத்து அழுத்திப் பார்த்தார்.
சேதம் இல்லை என்று கையெழுத்திட்டார்.
அந்தச் சோபாவில் உட்கார்ந்துதான் இட்டார்.

ஆனி கடைசியில் சோம்பல் முகத்துவாரம் தாண்டிப் போனது.
என் வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு
என் தோளுயரத்தில் இருக்கிறது.
இன்னும் தேய்க்கவில்லை.
மணல்தாள் யார்டினுடையது.