முட்டைக் கணக்கு

அழகாபுரத்தில் எண்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கிய அன்று
சான்ட்ரோ வாயே திறக்கவில்லை.
ஓட்டிக் காட்டியவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்.
ரசனைக்காரர் என்று நினைத்தேன்.

அடிவாரம் தாண்டி
நான்காம் கொண்டை ஊசியில் ஆரம்பித்தது:
கட. கடகட. கட.
பின்சீட்டில் இருபத்திரண்டு அட்டை முட்டை,
மேலே ஏற்காட்டில் ஆறரைக்கே ஆம்லெட் கேட்கும்
மூன்று லாட்ஜ், ஒரு பள்ளிக்கூட விடுதி.

அஸ்தம்பட்டி மெக்கானிக்
டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்:
"ஷாக் அப்சர்பர் போச்சும்மா. ஜோடியா மாத்தணும்.
பன்னண்டு ஆகும்."
பன்னிரண்டாயிரத்தை முட்டையாக மாற்றிப் பார்த்தேன்.
ஒரு முட்டைக்கு நாற்பது காசு நிற்கும் எனக்கு.
முப்பதாயிரம் தடவை
நாமக்கல்லில் ஏதோ ஒரு கோழி மனசு வைக்க வேண்டும்.

டிக்கியைக் காலி செய்தேன்.
ஜாக்கியைப் பழைய லுங்கியில் சுற்றினேன்.
கடகட.
ஸ்டெப்னியை இறுக்கினேன்.
கடகட.
சைலன்சர் தகட்டைத் தட்டினேன். அது தகரக் குரல்,
இது எலும்புக் குரல்.

அப்புறம்தான் உறைத்தது:
கன்னங்குறிச்சி ஸ்பீடு பிரேக்கரில்
முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால்
ஒரு பேச்சில்லை.
ஒன்று பள்ளத்தில் விழ, மற்றது மேட்டில் நிற்க
அப்போதுதான் சண்டை.
இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பி ஒன்று
அடியில் குறுக்கே ஓடுகிறது;
அதன் முனையில், சாண் நீளத்தில், ஒரு லிங்க்.

ஞாயிறு மதியம் ஹபீபா வந்தாள்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்பவள்.
துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு
இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு
லிங்கைப் பிடித்தாள். கண்ணை மூடினாள்.
நான் பானெட் ஓரத்தை அமுக்கி அமுக்கி ஆட்டினேன்.
"இருக்குடி. டிக் டிக்னு விரல்ல வருது.
உள்ள முத்து உருளுது.
உன் வண்டி ஒத்தக் கால்ல கொலுசு போட்டிருக்கு."

ஐந்து ரோட்டுக் கடையில் ஜோடி எழுநூற்று அறுபது,
பேசி எழுநூறு.
துருவேறிய நட்டில் ராத்திரியே எண்ணெய் விட்டோம்.
ஜாக்கியை மட்டும் நம்பாமல்
கழற்றிய சக்கரத்தையே வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டோம்,
விழுந்தால் அதன்மேல் விழட்டும்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் திருப்பினால்
நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றியது.
ஆலன் கீயால் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.
கழன்று வந்தது
விழப்போகும் பால்பல் போல
எந்தப் பக்கமும் ஆடியது.

திங்கள் விடியலில் ஏறினேன்.
நான்கு. ஏழு. பதினொன்றில் பனி.
சத்தம் இல்லை.
அட்டையோடு அட்டை உரசும் சரசரப்பு மட்டும்,
தூரத்தில் ஒரு பஸ் கியர் மாற்றுவதும்.
வண்டி புதுசு என்று கால் நம்பிவிட்டது.
பதினாறாம் வளைவை மூன்றாம் கியரிலேயே ஒடித்தேன்.

லாட்ஜ் சமையலறையில்
செபஸ்தியான் ஒவ்வொரு அட்டையாகப் பிரித்து எண்ணினார்.
கடகடத்த நாற்பது நாளும்
நாளுக்கு மூன்று உடையும், மிஞ்சினால் நான்கு.
அன்று பத்தொன்பது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
பொடிமாஸுக்கு வெங்காயம் நறுக்கத் தொடங்கினார்.

ஹபீபாவுக்குப் போன் போட்டேன்.
அவள் சிரித்து முடிக்க
என் பேலன்ஸ் பாதி போயிற்று.
"பழைய லிங்க்க எங்கடி போட்ட?"

டேஷ்போர்டில் கிடக்கிறது.
மெதுவாகத் திருப்பினால் அசையாது.
கொஞ்சம் மிதித்தால்
உருண்டு போய்க் கண்ணாடியை இடிக்கும்:
கட.