உறையாத பால்

எங்கள் பக்கம் பிள்ளை அழுவதில்லை,
கரையும்.
பத்தே முக்காலுக்குக் கரையத் தொடங்கியது
ஒன்றரைக்கும் கரைந்துகொண்டிருந்தது.
கரைந்தது என்னவோ நான்.

பால் கொடுத்தாச்சு. ஏப்பத்துக்குத் தட்டியாச்சு.
துணி மாற்றி, மறுபடி மாற்றி,
எறும்பு உண்டோ என்று டார்ச் அடித்து
காதுமடல் வரை பார்த்தாச்சு.
காய்ச்சலும் இல்லை.
மூணு ராத்திரி உறங்காத றீஜாவை
மறு முறியில் கதவடைத்துக் கிடக்கச் சொன்னது நான்தான்,
பெரிய ஆம்பிளை போல.

பொன்மனையில் மழை தோர்ந்திருந்தது.
மூணு மணிக்கு நெத்தி லைட் கட்டி இறங்கணும்,
பிளாஸ்டிக் பாவாடை சுற்றிய
முந்நூறு றப்பர் மரம் காத்து நிற்கும்.
நாற்பத்தி ரெண்டு நாள் ஆன தொண்டைக்கு
இதெல்லாம் தெரியுமா?

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன்.
அவள் அக்குளுக்கு அடியில்,
பெருவிரல்கள் நெஞ்சில், மற்றவை முதுகில்.
பிடி இறுகியிருந்தது.
"வாய மூடுளா" என்று கேட்டது
என் குரல்.
அடுத்ததைச் செய்யக் கைகள்
தயாராக இருந்தன.
மறைக்க ஒன்றுமில்லை, தயாராகத்தான் இருந்தன.
ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை நான்.

டிஷ்ஷில் பால் ஊற்றி ஆசிட் சேர்த்துக் கிண்டியபின்
யாரும் அதைத் தொடக்கூடாது.
உறையும் நேரத்தில் அசைத்தால்
ஷீட்டுக்கு உள்ளே கேடு விழும்,
மேலே பார்த்தால் தெரியாது,
வெயிலுக்கு நேரே பிடித்தால்தான் தெரியும்.

அட்டையில் எடை எழுத வந்த கமலபாய் சிஸ்டர்
என் தொழில் அறிந்து சொன்னது இது:
"மண்டைக்குள்ள உறையாத பாலாக்கும், கேட்டியா.
கழுத்தும் உறைக்கல்ல.
கோவத்தில ரெண்டு குலுக்கு போதும்,
உள்ள ரத்தம் கெட்டும். கண்ணு போவும்.
சில நேரம் ஆளே போவும்.
பொறுக்க முடியலண்ணா
பாயில மலத்திக் கிடத்து, வெளிய போ.
பத்து நிமிசம் கரஞ்சா பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது.
ஒன் கைதான் ஆபத்து."
பிள்ளையைக் குலுக்க நான் என்ன மிருகமா என்று
அன்று சிரித்துக்கொண்டே நாரங்கா வெள்ளம் கொடுத்தேன்.

பாயில் மலத்திக் கிடத்தினேன்.
விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.
கதவைச் சாத்தி
றோலர் கொட்டகைக்குப் போய் நின்றேன்.
காயும் ஷீட்டுகளின் புளித்த வாடை.
எண்ணினேன். இருபத்தேழு.
மறுபடி எண்ணினேன், இருபத்தாறு.
சுவருக்கு அப்புறம் கரைச்சல்
கொஞ்சம் சின்னதாகியிருந்தது,
பிள்ளையின் அளவுக்கு.

ஸ்டான்லிக்கு போன் போட்டேன்.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
டிவிஎஸ் சத்தம் கேட்டுத் தெரு நாய்கள் எல்லாம் எழும்பின.
வந்தவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி,
தலைக்கு ஒரு கை கொடுத்து அவளை எடுத்து,
முற்றத்தில் மேலும் கீழும் நடந்தபடி
நாலாம் கிரேடு விலை இறங்கினதைச்
சொல்லிக்கொண்டிருந்தான் அவளிடம்.
அவளும் விடாமல் கரைந்தாள்.
மூணேகாலுக்குத் தானே நிறுத்தினாள்.
காரணம் ஒன்றும் இல்லை. தொடங்கியதற்கும் இருந்ததில்லை.

அன்று ஒரு மரத்தில் கத்தி ஆழம் போய்த்
தடி தெரிந்தது. வெளுத்த தடி.
வெகுநேரம் அதையே பார்த்து நின்றேன்.

மத்தியானம் றீஜாவிடம் சொன்னேன்.
எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.
பிள்ளைத் துணி மடித்துக்கொண்டிருந்தவள்
மடிப்பதை நிறுத்தவில்லை.
"செவ்வாய்க்கிழம எனக்கும்" என்றாள்.

பிறகு எழும்பி
கதவின் பின்புறம் ஸ்டான்லி நம்பரை எழுதினாள்,
அடியில் அவள் அக்கா நம்பர்,
அதற்கும் அடியில் கமலபாய் சிஸ்டர்.
பேனா மை தீர்ந்து கடைசி எண் பாதியில் நின்றது.
வேறு பேனா தேடும்போது
உள்ளே தொடங்கியது.
ஆர் முதலில் என்று
ஒருவரையொருவர் பார்த்தோம்.