துண்டு வெட்டிய பின்

துண்டு வெட்டி ஆளை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான்
கோப்பு என்னிடம் வரும்.
நோயாளியை நான் காண்பதில்லை.
டூங்காபியில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்து மேசை,
இரண்டு திரை, ஒரு ஃபிளாஸ்க் தேநீர்.
எழுதியிருப்பதை எண்ணாக்குவது என் வேலை.

லெஸ்லி ஹூபர். எழுபத்தெட்டு. லித்கோ.
வலது இடுப்பு மூட்டு மாற்று.
பத்து இரவு.

காப்புறுதிக் கொம்பனி இரவுக்கு இரவு காசு தந்த ஒப்பந்தம்
போன வருஷத்தோடு போய்விட்டது.
இப்போது ஓர் இடுப்புக்கு ஒரே விலை.
வெட்டுவது, தைப்பது, சூப், ஜெலி, கட்டில்
எல்லாம் அதற்குள்.
(உள்ளே வைத்த உலோகத்துக்கு மட்டும் தனிப் பட்டியல்.
உலோகத்தோடு யாரும் பேரம் பேசுவதில்லை.)
ஐந்தாம் நாள் எழுந்து போனால் ஆஸ்பத்திரிக்கு மிச்சம்.
ஏழாம் நாளிலிருந்து
கட்டில் ஆஸ்பத்திரியின் காசைத் தின்னத் தொடங்கும்.
அதனால்தான் காலை எட்டரைக்குக் கட்டில் மேலாளர்
வார்டுக்கு அழைத்து,
"இடுப்பு எப்ப போகுது?" என்று கேட்பார்.

விலையின் வாலில் ஓர் எழுத்து.
ஏ என்றால் சிக்கலான இடுப்பு,
பி என்றால் சாதா.
நடுவில் ஒன்பதாயிரம் டொலர்.
அந்த எழுத்தை நான் போடுவதாக வார்டில் நினைக்கிறார்கள்.
வைத்தியர் எழுதிய சொற்கள் போடுகின்றன.
நான் பொறுக்குகிறேன்.

மூன்றாம் நாள் வைத்தியர் குறிப்பு:
"காயம் சுத்தம். நடக்க விடவும்."
அதற்கு முந்திய இரவு தாதி மரிசெல் எழுதியது ஒன்றரைப் பக்கம்.

2.10. கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.
சேலைன் கம்பத்தை இரண்டு கையாலும் இழுக்கிறார்.
சரக்கு ரயில் வருகிறதாம். சிக்னல் விழவில்லையாம்.
மகளின் பெயர் கேட்டேன். தெரியவில்லை.
2.40. நானும் சேர்ந்து இழுத்தேன்.
3.05. ரயில் போய்விட்டது என்றேன்.
எத்தனை பெட்டி என்று கேட்டார்.
நாற்பத்திரண்டு என்றேன்.
சரி என்று படுத்தார்.

இதற்கு எண் இல்லை.
நோய்க்குப் பெயர் வைக்கும் உரிமை
தாதிக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
வைத்தியரைக் கேட்கலாம், ஆனால்
பதிலைக் கேள்விக்குள் ஒளித்து வைத்துக் கேட்கக் கூடாது.
காசைப் பற்றி மூச்சு விடக் கூடாது.
"மூன்றாம் இரவுத் தாதியின் குறிப்பைப் பார்க்கவும்.
மருத்துவக் காரணம் இருந்தால் தெரிவிக்கவும்."
நாலு தரம் அழித்து எழுதிய இரண்டு வரி.

பதினாறு நாள் கழித்து ஒற்றைச் சொல் வந்தது,
முற்றுப்புள்ளிகூட இல்லாமல்:
டிலிரியம்
பி, ஏ ஆனது.

ஆறாவது கிழமை கொம்பனியின் தணிக்கையாளர்,
மெல்பேர்னில் எங்கோ, அவருக்கும் இரண்டு திரை இருக்கும்:
"மருந்து கொடுக்கப்படவில்லை.
ஸ்கேன் எடுக்கப்படவில்லை.
நிபுணர் அழைக்கப்படவில்லை.
ஆகவே கணக்கில் சேராது."
நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.
கொடுக்கப்பட்டது ஒரு ரயில்.
மரிசெல் அன்றிரவு ஒரு மாத்திரையை விழுங்க வைத்திருந்தால்
என் கையில் ஆதாரம் இருந்திருக்கும்.
அப்படி நான் நினைத்தேன்.
நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிர்த்து மூன்று பந்தி அனுப்பினேன். தோற்றேன்.
ஏ மறுபடி பி.
ஒன்பதாயிரத்தை அடுத்த மாதக் கொடுப்பனவில் கழித்துக்கொண்டார்கள்.

லெஸ்லிக்கு இது ஒன்றும் தெரியாது.
வந்த அன்றே அவர் கட்டிய எழுநூற்றைம்பது டொலர் எக்சஸ்
எந்த எழுத்துக்கும் மாறாது.

கோப்பை மூடுமுன் பிசியோவின் கடைசிக் குறிப்பு:
தடியுடன் முப்பது மீட்டர். படி நாலு.
மகள் காரோடு வந்திருக்கிறார்.
போகும்போது இரவுத் தாதியைத் தேடினார்.
அவர் பகலில் தூங்குவார் என்று சொன்னோம்.

மெஷின் சுற்றி முடித்துக் கூவுகிறது.
அடுத்தது
பித்தப்பை, ஓர் இரவு, சாதா.