மார்கழியில் அளந்த காற்று

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
பொதுமக்கள் உடல்நலம் நூற்றுத் தொண்ணூறில் தொடங்கி
நூற்றுத் தொண்ணூற்றொன்றில் முடிந்துவிடுகிறது.
'குறிப்பிடத்தக்க பாதிப்பு எதிர்பார்க்கப்படவில்லை.'
எதிர்பார்க்காதவர் பேர் போடவில்லை.

வேலாங்காட்டுப்புதூருக்குப் புதிதாகப்
பதினோரு மஞ்சி மில் வருகிறது.
இருப்பது நான்கு.
நான் துணைச் சுகாதார நிலையத்து நர்சு,
பதினேழு வருசமாக இதே ஸ்கூட்டர்த் தடம்.
கருத்துக் கேட்புக் கூட்டத்தில்
என் கருத்தை யாரும் கேட்கவில்லை.
உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தோடு ஓரமாக நிற்கச் சொன்னார்கள்,
வெயிலில் யாராவது விழுந்தால் பார்ப்பதற்கு.

பந்தல், மோர், வாடகை நாற்காலி.
ஒரு பொறியாளர் மைக்கில்
காற்றில் தூசி எவ்வளவு என்று வாசித்தார்.
கருவி வைத்த இடம்: காலனிப் பள்ளிக்கூட மொட்டைமாடி.
வைத்த நாள்: டிசம்பர் கடைசி இரண்டு வாரம்.
முடிவு: வரம்புக்குள்.

வரம்புக்குள்தான்.
மார்கழியில் கிழக்கிருந்து வரும் காற்று
மில்லுத் தூசியை அள்ளிக்கொண்டு போய்
ஆளில்லாத தோப்பில் கொட்டும்.
வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வாய் திறக்கும்.
ஆடியில் கொடியில் வேட்டி நிற்காது.
அப்போது மில்லுக்கு நேர் கிழக்கே
காலனி.
உலரப் போட்ட பித்துக் களம் அப்படியே எழுந்து
இட்லித் துணியிலும் தூங்கும் பிள்ளை இமையிலும்
பழுப்பாக உட்காரும்.

என் பதிவேட்டில் காற்றுக்குக் கட்டம் இல்லை.
இருமலுக்கு உண்டு.
மார்கழியில் ஆறு பேர்.
ஆடியில் நாற்பத்தியொன்று.
அதில் மூணாப்புப் படிக்கும் மோனிஷ்
சட்டையைத் தூக்கிக் காட்டினான்:
'ஊசியக்கா, உள்ள யாரோ விசில் ஊதறாங்க.'

அந்த நாற்பத்தியொன்றும் சரியில்லை.
மில்லுக்குப் பின்னால் பதினாறு தகரக் கொட்டகை.
ஒடிசாக்காரர்கள்.
ரேஷன் கார்டு அங்கே, நுரையீரல் இங்கே.
அறிக்கை அவர்களைத் 'தற்காலிகம்' என்கிறது.
நான் மட்டும் என்ன,
கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் தவிர
அந்தக் கொட்டகையில் யாருக்கும் வரி போட்டதில்லை.
ரஸ்மிதா பித்துச் சலிப்பவள். இருமி முடித்து
முந்தானையை விரித்துக் காட்டுவாள்,
காப்பித்தூள் சிந்தின மாதிரி இருக்கும்.
மாத்திரை கொடுத்தேன்.
எண்ணவில்லை.

முன்வரிசையில் சென்னியப்பன் எழுந்தார்,
இருக்கிற நான்கில் ஒன்று அவருடையது.
'எங்க கெணத்துத் தண்ணி டீத்தண்ணியாட்டம் வருதுங்.
ஒறம்பரைக்கு மொண்டு குடுக்கக் கூசுது.
மில்லு வேண்டாம்னு சொல்லுலீங்,
எம்பட பையன் படிச்சதே அந்தக் காசுலதான்.
தண்ணிக்கு ஒரு வழி சொல்லிப்போட்டு
அப்பறம் பதினொண்ணு கட்டுங்.'
கைதட்டலா முணுமுணுப்பா
தெரியாத ஒரு சத்தம்.

'வேற யாராச்சும்?'
பொட்டலப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.
மைக் என் உயரத்துக்கு இறங்கவில்லை.
ஆடியில் வந்து அளங்க, சார், என்றேன்.
கூட ஏதோ சொல்ல இருந்தது,
மூணு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தது,
வரவில்லை.
'எழுத்து மூலமாக் கொடுங்க, சிஸ்டர்.'
ஒரு பேனா அதைக் குறித்துக்கொண்டதா,
சாப்பாட்டுக் கணக்கு எழுதியதா, தெரியாது.

யாரும் மயங்கி விழவில்லை.
பொட்டலங்களைத் திருப்பி எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணுவது என்றால் நமக்கு இது.

பொழுது சாய, தடுப்பூசிக் கணக்கு நோட்டின்
பின்பக்கம் கோடு கிழித்தேன்:
பேர், வயசு, எத்தனை மாசமாக இங்கே,
இருமல் எப்போதிருந்து, எந்தக் காற்றில்.
கொட்டகைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.
நாய் ஒன்று கூடவே ஓடிவந்து நின்றுபோனது.

முதல் வரியில் ரஸ்மிதா.
எத்தனை மாசம் என்று கேட்டேன்.
பழுப்பேறிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி
இருகையும் முடிந்து
மறுபடி முதல் விரலுக்கு வந்தாள்.