நாக்குக்கு அடியில்

ஆறு ஐம்பது பஸ். ஆம்பூரில் ஏறி உட்கார்ந்ததும்
பக்கத்தில் இருந்தவள் ஜன்னலைத் தள்ளித் திறக்கிறாள்,
பிறகு கைக்குட்டை.
பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த கைக்குட்டை அது,
ஆள்தான் மாறும்.
காலையில் தோல்ஷாப்பு, மத்தியானம் தையல் லைன்,
ரெண்டுக்கும் நடுவில் என் வேலை.
வாடை என்னோடு டிக்கெட் எடுக்காமல் வரும்.

போன மாசம் அதே கைக்குட்டையை ஜெர்மனியில் பார்த்தேன்.
கம்பெனி செலவு, ஒன்பது நாள்.
குளித்திருந்தேன். புது ஸ்வெட்டர்.
ரெண்டு பெட்டி மட்டும் ஓடுகிற ஒரு ரயிலில்
பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து கதவோரம் போனாள்,
போகும்போது ஒரே ஒரு சொல்:
என் நாட்டின் பெயர்.

இங்கே எழுந்து போகிறவர்கள் சொல்வது
தெருவின் பெயரை,
இல்லையென்றால் அதைவிடச் சின்னதை.
முழு தேசத்தையும் என் மேல் முதலில் போட்டது அவள்தான்,
அதுவும் வசவாக.
இமயமலை, கோதாவரி, காட்பாடி ஜங்ஷன்
எல்லாம் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டன.
கனம் தாங்கவில்லை.
இறக்கிவிடவும் மனசில்லை.

மறுநாள் கிடங்கில் எண்ணூறு ஜோடி,
திருப்பி அனுப்பப் போகிறார்களாம்.
ஹோல்கர் என்றொரு மேனேஜர்
வாய் பிளந்த ஒரு ஷூவை மேஜையில் போட்டு
'உங்கள் நாட்டு வேலை' என்றார்.
கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை, சிரிப்பை வைத்திருந்தார்கள்.

நாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.
அடியில் எண் இருக்கும். நாலாவது லைன், பதினேழு.
மேல்பட்டி கனகவல்லி.
அங்குலத்துக்குப் பதினொரு தையல் போடுகிறவள்,
பிள்ளை பெற்று வந்து பால் கட்டி நனைந்த நாளிலும்
பத்தாகக் குறையாதவள்.
அவள் நூல் ஒன்றுகூட அசையவில்லை.
பிரிந்தது அடி.
மேல்பாகம் மட்டும்தான் நாங்கள் அனுப்புகிறோம்,
அடி ஒட்டுவது அங்கே,
பெட்டியில் அச்சடிப்பதும் அவர்கள் நாட்டுப் பெயரை.

எனக்கு இருக்கிற இங்கிலீஷில் சொன்னேன்:
மேலே நாங்கள். கீழே நீங்கள்.
எழுதிக் கொடுங்கள்.

மன்னிப்பெல்லாம் இல்லை.
காபி வந்தது. நாற்பது நிமிஷம் கழித்து
கையெழுத்தும் வந்தது.
போட்டோ எடுத்து கனகவல்லிக்கு அனுப்பினேன்.
'லைட் போட்டு எடுக்கக் கூடாதா அக்கா' என்று பதில்.

சாத்கர் மலை இருட்டிவிட்டது.
பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் பார்க்கிறாள்.
அந்த ரயிலில் கேட்ட சொல்லை
அதே உச்சரிப்பில் அவளிடம் சொல்கிறேன்.
'என்ன ஊரும்மா அது?'
'உனக்கும் அதுதான். உட்காரு.'

உட்காரவில்லை.
கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல்
பேரணாம்பட்டு வரைக்கும்
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருகிறாள்.