ஞாயிறு பத்தரைக்கு ஆட்கள் வருகினம்

பத்து இருபதுக்கு மருதானைக் கோச்சி போய்விடும்,
அடுத்தது பதினொன்று கழியத்தான்,
அந்த இடைவெளிக்குள் காட்டிவிடலாம்
என்றார் புரோக்கர் ஃபாஸில்.

வெள்ளியில் இருந்தே கருவாடு பொரிக்க வேண்டாம்.
யன்னல் சீலையைக் கழற்றுங்கள், கடல் தெரியட்டும்.
கடல் தெரியாதே என்றேன்.
எதிர்த் தொடர்மாடிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவில்
உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலம்.
அது காணும் என்றார்.
அந்த நீலத்துக்குச் சதுர அடிக்கு
இரண்டாயிரம் கூடக் கேட்கலாமாம்.

சாமிப் படங்களைக் கழற்றச் சொல்லவில்லை,
பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்.
கழற்றினோம்.
புகையில் மங்கிய சுவரில்
நாங்கள் குடிவந்த நாளின் மஞ்சளில்
ஏழு நீள்சதுரங்கள்.
சமிந்த மூன்று தரம் பூசியும்
முருகன் நின்ற இடம் மட்டும் லேசாய்த் தெரிந்தது.
காய்ந்தால் போய்விடும் மிஸ் என்றான்.

பாத்ரூம் குழாய் பதினொரு வருஷமாய்ச் சொட்டியது.
வாளி வைத்தோம். கறை பிடிக்க
வேறு வாளி வைத்தோம்.
அந்தச் சொட்டுகளுக்கு இடையில் சண்டை பிடித்திருக்கிறோம்,
கதைக்காமல் கிடந்து அவற்றை எண்ணியிருக்கிறோம்.
வொஷர் எழுபது ரூபா.
தயாநிதி ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டுக்
கையைத் துடைத்தபடி நின்றார்.
எழுபது ரூபா, என்றார் திரும்பவும்.
நான் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு
குசினிக்குப் போய்விட்டேன்.

கடைசியாய் ஃபாஸில்
கதவடியில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது:
குடும்பம் பிரிந்து விற்கிற வீடு என்று தெரிந்தால்
விலையை இறக்குவார்கள்.
மெல்பேர்னில் தங்கச்சியிடம் போகிறோம் என்று சொல்லுங்கள்.
எனக்குத் தங்கச்சி இல்லை.
வெள்ளவத்தையில் அந்தப் பொய்யை யாரும்
இரண்டாம் தரம் கேட்பதில்லை.

ஆகவே சனி இரவு
ஹோலில் இரண்டு வருஷமாய் விரிந்த பாயைச்
சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம்.
மேலே புது விரிப்பு, பக்கத்தில் பக்கத்தில்
இரண்டு தலையணை.
தள்ளி நின்று பார்த்தேன்.
நல்ல ஆட்கள் இருக்கிற வீடு மாதிரித்தான் இருந்தது.

வென்னப்புவவில் இருந்து வந்தாள்,
இத்தாலியில் பதினாறு வருஷம்
கிழவர்களைக் குளிப்பாட்டிச் சேர்த்த காசு.
சுவரைத் தட்டிப் பார்த்தாள், அலுமாரிக்குள் மணந்து பார்த்தாள்,
குழாயைத் திறந்து மூடி
ஒரு நிமிஷம் காத்து நின்றாள்.
சொட்டவில்லை.
யன்னலோரம் வந்து நீலத்தைக் கண்டு
லஸ்ஸனயி என்றாள்.

பத்து இருபது கோச்சி
பத்து நாற்பத்தெட்டுக்கு வந்தது.

யோசிக்கவில்லை, கை தானாகப் போனது.
நான் கண்ணாடி அலுமாரியின் கதவைப் பிடித்தேன்,
அவர் யன்னல் கொளுக்கியைப் பிடித்தார்,
பெட்டிகள் முழுக்கப் போகும்வரை
இருவரும் அப்படியே,
எப்போதும் போல.
ஃபாஸில் நிலத்தைப் பார்த்தார்.
அவள் சிரித்தாள்.
எத்தனை வருஷம் என்று கேட்டாள்.
பதினாலு என்றார் தயாநிதி.
பத்தொன்பது என்றேன் நான்,
ஒரே நேரத்தில்.
அவர் வீட்டைச் சொன்னார்.

முற்பணம் வியாழக்கிழமை.
அவருக்குத் தெஹிவளையில் ஓர் அறை,
எனக்குக் கொட்டாஞ்சேனையில், கோச்சிச் சத்தம் கேட்காத இடத்தில்.

இரவு பாயை இழுத்து எடுத்தார்.
தலையணையையும் கொண்டுபோங்கள் என்றேன்.
பெயின்ட் மணம். நித்திரை வரவில்லை,
எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை.
இரண்டு மணி இருக்கும்,
ஹோலில் இருந்து எழும்பிப் போய்க்
குழாயைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது.

சரியாய் மூடவில்லை.