சரியாகிவிட்டது

இரவு எட்டுக்குமேல்
கொர்கொவாதோ வளைகுடாவில் நங்கூரமிட்ட படகுகள்
ஒரே அலைவரிசையில் ஒன்றையொன்று தேடும்.
கடல் முள்ளெலி விலை, காற்றின் திசை,
யார் மனைவி யாரோடு பேசவில்லை,
நடுநடுவே எஞ்சின்கள்.

ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை
வேறு யாரும் பேச முடியாது.
அதனால் இங்கே ஒரு கேள்வி என்பது
இருபது படகுகளின் வாயைப் பொத்திவிட்டுக் கேட்பது.

"யாராவது இருக்கிறீர்களா, ஒன்று கேட்கலாமா?" என்பான்
புவெர்த்தோ மோந்திலிருந்து புதிதாக வந்த யெர்கோ.
கேட்கலாமா என்று கேட்பதிலேயே பாதி பேட்டரி போகும்.
பிறகு மொட்டையாக, "எஞ்சின் ஓடவில்லை."

"எந்த எஞ்சின்? கடலில் இருப்பது ஒன்றுதானா?"
நோல்ஃபா குவென்சூர் கேட்டாள்.
அவளுக்குப் பதில் தெரியும்.
தெரியும் என்பது குரலில் வழிந்தது.
நான் சிரித்தேன், பொத்தானை அழுத்திக்கொண்டே.

பதினோரு நாள் யெர்கோ எதையும் கேட்கவில்லை.
பன்னிரண்டாம் நாள்
வேறொரு படகு அவனைக் கயிறு கட்டி இழுத்து வந்தது.
கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை என்றார்கள் துறைமுகத்தில்.
யாரிடம் கேட்டிருந்தால் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

இன்றிரவு:

"போர்ஃபியாதா பேசுகிறது. எதெல்மிரா.
மூன்று சிலிண்டர் டீசல்.
ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. புகையே இல்லை.
தொட்டி முக்கால். வடிகட்டி இரண்டும் புதிது.
குழாயில் காற்றெடுத்தேன், நான்கு நிமிடம் ஓடி நின்றது.
மறுபடி எடுத்தேன், மறுபடி நான்கு நிமிடம்.
எங்கும் சொட்டு ஒழுகல் இல்லை.
பாறைக்கு நானூறு மீட்டர்.
நங்கூரம் பிடித்திருக்கிறது, இப்போதைக்கு. ஓவர்."

அவள் கையிலிருந்த டீசல்
என் அறைவரை நாறியது.

வெறும் இரைச்சல். பிறகு நோல்ஃபா:
"எனக்குத் தெரியவில்லை."
அவள் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை.
"ரொசாமேலுக்கு இதே நோய் வந்தது,
போன ஜூலைக்கு முந்தின ஜூலை.
எப்படிச் சரிசெய்தான் என்று யாருக்காவது..."

ரொசாமேல் நான்தான்.

மூன்று இரவு கேட்டேன் அப்போது.
பதினான்கு பேர் தூக்கம் கெட்டுச் சொன்னார்கள்.
நான்காம் விடியலில் எஞ்சின் பிடித்தது.
"சரியாகிவிட்டது" என்றேன்.
ஒரே சொல்.
ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

இப்போது அந்தச் சொல்லைப் பிரித்துத் தேடுகிறேன்.
உள்ளே ஒரு திருகு இல்லை.
ஒரு ஸ்பானர் அளவு இல்லை.

"பொறு, எதெல்மிரா.
தெரிந்தவன்போல் எதையாவது சொல்ல மாட்டேன்.
கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஓவர்."

டார்ச்சைப் பல்லில் கடித்து
எஞ்சின் குழிக்குள் இறங்கினேன்.
தலை மறந்திருந்தது.
விரல்தான், இரண்டாம் வடிகட்டிக்குப் பின்னால்,
கண் எட்டாத மூலைக்குப் போய் நின்றது.
செப்பு வாஷர்.

"டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும்.
கழற்றி அடுப்பில் சிவக்கச் சுடு.
தண்ணீரில் போடு, செம்பு இளகும்.
திருப்பிப் போட்டு முடுக்கு, வெறிகொண்டு முடுக்காதே.
எனக்கு அது போதுமாயிருந்தது.
உனக்கும் அதுதானா, தெரியாது.
அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஓவர்."

ஒரு மணி நேரம்
யாரும் முள்ளெலி விலை பேசவில்லை.

பிறகு அவள் குரல், பின்னால் கடகடவென்று எஞ்சின்.
"இடம் சரி. ஆனால் திருப்பிப் போட்டது போதவில்லை,
விளிம்பில் மயிரிழை வெடிப்பு.
உதிரிப் பெட்டியில் கிடந்த பழைய பம்பிலிருந்து
வேறொன்றை எடுத்துச் சுட்டுப் போட்டேன்.
அளவு பன்னிரண்டு.
இருபது நிமிடமாக ஓடுகிறது.
நின்றால் சொல்கிறேன். நிற்காவிட்டாலும் சொல்கிறேன். ஓவர்."

கொஞ்சம் இரைச்சல். அதற்குள்ளிருந்து யெர்கோ:
"பன்னிரண்டா, பதினான்கா?
சரியாக விழவில்லை.
எழுதிக்கொண்டிருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை.
"பன்னிரண்டு," என்றாள் நோல்ஃபா.